முத்தம் தின்ற முகம்

எர்சாந்த் ஓரிடத்தில் ஒரு நாழிகை உட்கார்ந்து எங்கள் தெரு பார்த்ததில்லை. பாரிஸில் கையால் எழுதுகிற புத்தகங்களுக்குப் படம் எழுதுகிறவர்கள் குடியிருக்கும் தெரு இது. உட்கார்ந்தே இடுப்பு ஒடிகிற தொழில். அவளோ ஓர் இலைக்குப் பொன் வைப்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள். ஒரு பூவுக்குச் சிவப்பு தீட்டுவாள், வாசலுக்கு வந்து போகிறவன் வருகிறவனை வம்புக்கு இழுப்பாள். "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்தவ" என்பான் அவள் புருஷன் கொலார். சுத்தப் பொய். கொள்ளைநோய் வருவதற்கு முன்னால் அவள் அப்படி இல்லை. அந்த வருஷம்தான் அவர்கள் மகள் ஒதீன் போனாள். ஆறு வயசு, மூன்று நாள் காய்ச்சல். குழி வெட்டுகிறவர்கள் வந்து இருபது பேரோடு சேர்த்து வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். எந்தக் குழி என்றுகூடச் சொல்லவில்லை, பாவிகள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வேலை வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் துணி வியாபாரி ஒருவரின் மனைவி கியெமெத்துக்குச் செபப்புத்தகம். எழுத்துக்காரன் படத்துக்கு இடம் விட்டு எழுதித் தோல் தாள்களைக் கட்டாமல் அப்படியே அனுப்புவான். ஓரத்துக் கொடியும் பொன்னும் எர்சாந்தின் பங்கு, முகங்கள் கொலாரின் பங்கு. முகத்துக்கென்று மாதிரித் தாள் ஒன்று உண்டு. மாதா என்றால் இந்த முகம், தேவதூதன் என்றால் அந்த முகம். கொலாரின் அப்பா காலத்திலிருந்து அதே மூக்கு, அதே வாய்.

ஒரு நாள் கொலார் ஒயின் கடைக்குப் போயிருந்தான். மேஜைமேல் புனித அன்னம்மாள் படம் கிடந்தது. சின்னப் பெண்ணான மாதா மரியாளுக்கு அவள் அம்மா அன்னம்மாள் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற படம். மரியாளின் முகம் மட்டும் பாக்கி. எர்சாந்த் தூரிகையை எடுத்தாள். மாதிரித் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் மகளை எழுதினாள். அவன் வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் சாயத்துக்குப் பிசினை அளந்து விடவில்லை. பிசின் குறைந்தால் சாயம் காய்ந்தபின் மாவாக உதிரும் என்பது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா என்ன? அவசரம் கண்ணை மறைத்தது.

"என்னடி இது? மாதிரித் தாள்ல இருக்கறது எங்க, இது எங்க..." என்று கத்திக்கொண்டே வந்த கொலார் குனிந்து பார்த்தான். மாதிரித் தாளை எடுத்து ஓரமாக வைத்தான்.

"இனிமே தொடாத. சரியா இருக்கு" என்றான்.

புத்தகம் போயிற்று. ஒதீனின் முகம் இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு பக்கத்தில்தான். எர்சாந்துக்கு வீடு தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பாலம் தாண்டி ஓடி, கியெமெத் போகிற கோயிலில், அவருக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்ப்பாள். தெரிந்ததெல்லாம் அந்த அம்மாளின் முக்காடும் முதுகும்தான்.

"நம்ம தெருக் கோயில் சாமி உனக்கு ஆகாதோ?" என்று கொலார் சீண்டுவான்.

"அங்க பாட்டு நல்லா இருக்கு, போதுமா?"

ஒரு தரம் அந்த அம்மாள் குனிந்து பக்கத்தை முத்தமிடுவதைப் பார்த்தாள். தன் பிள்ளையைக் கொஞ்ச ஒருத்தி இருக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது.

வருஷங்கள் போயின. கொலாருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முகங்களும் எர்சாந்தின் தலையில் விழுந்தன. மாதிரித் தாளைப் பார்த்துப் பார்த்து நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளினாள்.

பதினோராவது வருஷம், தவக்காலத்தில், கியெமெத்தே அவர்கள் வீட்டுக்கு வந்து நின்றார். புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தார்.

"இங்க செஞ்சதுதானாமே இது? வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரலம்மா" என்று பக்கத்தை விரித்தார்.

அன்னம்மாள் இருந்தாள். மரியாளின் நீலப் பாவாடை இருந்தது, தலையைச் சுற்றிய பொன்வட்டம் நேற்று வைத்ததுபோல மின்னியது. நடுவில் முகம் இல்லை. வெறும் தோல்.

"நான்தான் தின்னுட்டேன். எனக்குப் புள்ள குட்டி இல்ல. காலைல எந்திரிச்சதும் அதுக்கு ஒரு முத்தம், படுக்கப்போறப்ப ஒண்ணு."

"முத்தம் குடுக்க உங்க வீட்டுல சிலுவை இல்லையா?" என்று சீறினாள் எர்சாந்த்.

கொலார் பக்கத்தை விரலால் தடவினான். "அவங்கள ஏண்டி திட்டற? பிசின் பத்தல" என்றான்.

"கோவிச்சுக்காதம்மா. திருப்பி எழுதிக் குடு. ஆனா அதே முகம்தான் வேணும்" என்றார் கியெமெத்.

எர்சாந்த் துண்டுத் தோல் ஒன்றில் ஈயக்குச்சியால் கோடு போட்டாள். வந்தது மாதிரித் தாளின் முகம். அழித்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே மூக்கு, அதே வாய். எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டாள். அதேதான்.

"ஏங்க, உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?"

கொலார் இல்லை என்று தலையாட்டினான்.

"என் வயித்துல பொறந்த புள்ள மூஞ்சி எனக்கே வரலயே, ஆண்டவரே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கியெமெத் திகைத்துப்போய் கொலாரைப் பார்த்தார். "எங்க பொண்ணும்மா. கொள்ளைநோய்ல போயிட்டா" என்றான் அவன்.

அந்த அம்மாள் முக்காட்டைத் தள்ளிவிட்டுப் பலகையில் எர்சாந்தை ஒட்டி உட்கார்ந்தார். துண்டுத் தோலை இழுத்துப் பார்த்தார்.

"நெத்தி இவ்வளவு பெருசில்ல. குறை."

எர்சாந்த் குறைத்தாள்.

"ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்காது. இடது கண்ணு கொஞ்சம் இறங்கியிருக்கும், தூக்கம் கலையாத மாதிரி. கன்னம் இன்னும் ஒல்லி. ம்... மேலுதடு லேசா தூக்கினாப்புல. சிரிப்ப அடக்கிக்கிட்டு இருப்பா."

எர்சாந்த் ஒரு தரம்கூட எழுந்திருக்கவில்லை. கோயில் மணி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அப்புறம், அந்தத் துண்டிலிருந்து ஒதீன் அவர்களை நிமிர்ந்து பார்த்தாள். கொலார் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"பேரு என்னம்மா இவளுக்கு?" என்று கேட்டார் கியெமெத்.

"ஒதீன்."

அந்த அம்மாள் அந்தப் பேரை ஒரு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"இத்தன வருஷமா மரியாள்னே கூப்பிட்டுட்டேனே" என்றார்.