குடும்பத்துக்கு ஒரு துளி இரத்தம்

இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவளுக்கு ஊசி குத்துவது எளிது. யாரைக் குத்துவது என்று முடிவாவதுதான் கடினம். நூறாண்டுகளுக்கு முன் நாமக்கல் பக்கத்தில் வாந்திபேதி வந்தால் ஊரைக் காலி செய்வார்களாம். இப்போது சர்க்கரைக்காக அதே ஊர் என் வாசலில் வெறும் வயிற்றோடு நிற்கிறது. இத்தொழிலில் என்னோடு அவதிப்படுகிறவர்களுக்கு இனி வருவது புதிதாக இராது.

மாதிரி

காலை ஆறு மணி பத்து நிமிடம். மார்கழிப் பனியில் எதிர்ச்சாரி டீக்கடை தெரியவில்லை. கோழிப்பண்ணை வைத்திருக்கும் செங்கோடன் தம் மனைவி பாவாயியுடன் வந்தார். பாவாயியின் கால் பெருவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண். மருத்துவர் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார். நான் ஊசியை எடுத்ததும் கையை நீட்டியவர் செங்கோடன். சீட்டில் பாவாயி பெயரல்லவா இருக்கிறது என்றேன்.

"ஏனுங்க மேடம், ஆயிரம் கோழிக்குப் பத்தப் புடிச்சுத்தானுங்க ரத்தம் பாக்கறோம். ஒரே தீனி, ஒரே தண்ணி. ஊட்டுல ஆறு பேருக்கு நானொருத்தன் போதுமுங்க."

தொட்டி

பிடிவாதம் தாங்காமல் முதலில் அவருக்கே பார்த்தேன். சரியாக இருந்தது. உடனே மனைவியை எழுப்பிக்கொண்டு கிளம்பினார். புண்ணுக்குச் சர்க்கரை காரணமாக இருந்து, கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்க நேரலாம் என்று நிதானமாகச் சொன்னேன். அவர் அசரவில்லை. பண்ணைக்குள் நுழையுமுன் கிருமிநாசினித் தொட்டியில் தினமும் நாலு தரம் அவள் கால் நனைகிறதே, அதைவிட மருந்து எது என்றார்.

பாவாயி மறுபடி உட்கார்ந்து கையை நீட்டினார். "அது கோழிக்கு நோவு வரக்கூடாதுன்னு வெச்ச தொட்டிங்க. எனக்கு வெச்சதில்லைங்க."

மேல்தொட்டி

பாவாயிக்கு வெறும் வயிற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு. இன்னும் தாமதித்திருந்தால் விரல் போயிருக்கும் என்று மருத்துவர் கண்டித்து, மாத்திரை எழுதினாராம். மாலையில் செங்கோடன் அந்த மாத்திரை அட்டையோடு வந்தார். மொத்தத்தையும் அரைத்து வீட்டு மேல்தொட்டியில் கலக்கிவிட்டால் ஆறு பேருக்கும் ஒரே நாளில் வேலை முடியுமே என்று கேட்டார். பண்ணையில் கோழிக்கு மருந்து கொடுப்பது அப்படித்தான். நோய் இல்லாதவர் மயங்கி விழலாம், நோய் உள்ளவருக்கு மருந்து போதாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்பக் கோழிக்கு இருக்கற வசதி மனுசனுக்கு இல்லீங்களா?"

மறுநாள் காலை பாவாயி மாத்திரையை விழுங்கிவிட்டுப் புண்ணுக்குக் கட்டுப்போடப் பேருந்து ஏறினார், செங்கோடன் கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாகத் தாமே முட்டை எடுத்து அட்டையில் அடுக்கினார், நான் அவர் வீட்டு மீதி நால்வருக்கும், தனித்தனியாக, இரத்தம் எடுத்தேன்.