ஒரு ரிங் என்றால் சுகம்

எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்கு ஒரு பூட்டு இருந்தது. பூட்டுக்கு ஒரு பெரியப்பா இருந்தார்.

கண்டியில், கட்டுகலைப் பக்கம், அறுபத்திரண்டு படி ஏறித்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அப்பாவின் அண்ணனான பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒரு கந்தோரில் கிளார்க். தொலைபேசி அவர் பெயரில் எடுத்தது. தச்சரிடம் சொல்லி அதற்குப் பலகையில் ஒரு பெட்டி செய்வித்திருந்தார். ரிசீவர் வெளியே இருக்கும், இலக்கங்கள் உள்ளே இருக்கும். வருகிற அழைப்பை எடுக்கலாம். நாமாக ஒருவரை அழைக்க வேண்டுமென்றால் அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவி வர வேண்டும். சாவி சும்மா வராது. என்ன பேசப் போகிறோம் என்று முதலில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்ட வேண்டும். அவர் அதை வாசித்து, பாதியை வெட்டி, மேசை மணிக்கூட்டை முன்னால் வைத்து மூன்று நிமிடம் தருவார். எழுத முடியாத விஷயம் பேசவும் தேவையில்லாத விஷயம் என்பது அவர் கட்சி.

பில்லோடு சேர்ந்து வரும் ஆலோசனைத் துண்டுகளை ஊரிலேயே வாசித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எந்த நேரத்தில் பேசினால் மலிவு, எந்த இலக்கத்துக்கு எடுத்தால் நட்டம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு ஒரு கையடக்கத் தொலைபேசியும் வாங்கினார். அதை உறையோடு சட்டைப்பையில் வைத்து, பெரும்பாலும் ஓஃப் செய்தே வைத்திருப்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாவம், "ரீலோட் போடுறதுக்கு முந்தி பெலன்ஸ் பாருங்க தம்பி" என்ற உபதேசத்தைக் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்வதாக நினைக்க வேண்டாம். பத்து வயதில் அந்தப் பெட்டியை நான் மனதார வெறுத்தேன். ஏனென்றால் என் அம்மா அதற்குள்தான் இருந்தாள்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அப்பா ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுத்த சம்பளத்தில் எங்கள் பாதிக் கூரை தகரமாகவே நின்றுவிட்டது. மீதியைப் போடுவதற்காக அம்மா போனாள். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு டெலிபோன் கார்ட் வாங்கிப் பத்து நிமிடம் பேசுவாள். முதலில் பெரியப்பா ஒப்பந்தம், விசா என்று எழுதி வைத்ததை வரிசையாகக் கேட்பார். அப்புறம் அப்பா. அவர் இரண்டு நிமிடம் "ம்" என்பார், ஒரு நிமிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். கடைசியில் ரிசீவர் என் கைக்கு வரும்போது, ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நேரம் முடியப்போகிறது என்று அறிவிக்கும். "நல்லா படிக்கிறேம்மா" என்பதற்குள் அம்மா போய்விடுவாள். ஒன்றரை வருடத்தில் நான் அம்மாவிடம் பேசியது அந்த ஒரு வசனம்தான்.

மற்ற நாட்களுக்கு ரிங் கட். எங்கள் பக்கத்தில் அதை அறியாதவர் இல்லை. மணி அடிக்க விட்டு, அங்கே எடுப்பதற்குள் வைத்துவிட்டால் ஒரு சதமும் போகாது, செய்தியும் போய்ச் சேரும். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குவைத் வீட்டு எஜமானி, அம்மா "மடம்" என்று சொல்கிறவள், தன் தாய் வீட்டுக்குப் போவாள். அந்த நேரம், நமக்கு மாலை ஆறு மணிக்கு, அம்மா அந்த வீட்டுத் தொலைபேசியிலிருந்து எங்களுக்கு ரிங் கட் கொடுப்பாள். ஒரு ரிங் என்றால் சுகம். இரண்டு என்றால் கடிதம் போட்டாயிற்று. நிற்காமல் அடித்தால் ஏதோ பிரச்சினை, உடனே எடு. கந்தோர்ப் படிவம் போலக் கோடு போட்டு, பெரியப்பா தன் கையெழுத்தில் இதை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: முதல் இரண்டு மணிக்கும் யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது.

வெள்ளி ஆறு மணிக்கு மூன்று பேரும் தொலைபேசியைச் சுற்றிக் கதிரை போட்டு உட்காருவோம். ஒரு மணி அடிக்கும். நிற்கும். அப்பா எழுந்து முகம் கழுவப் போவார். அவ்வளவுதான் எங்களுக்கு அம்மா.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். பள்ளிக்கூட அதிபர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கை தட்ட வைத்தார். நான் அறுபத்திரண்டு படியையும் மூச்சு வாங்காமல் ஏறி வந்து, பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

பெரியப்பாவுக்குச் சந்தோஷம்தான். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் அவர். ஆனால் சாவி வரவில்லை.

"கடிதத்துல எழுதிடுவோம் புள்ள. நல்ல செய்தி பழுதாப் போகாது."

"நான்தான் சொல்லணும். என் வாயால சொல்லணும்."

"சொல்லு. மாசக் கடைசியில கோல் வருமே, அப்ப சொல்லு."

மாதக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவும் யாருடைய நிமிடத்தில்? ஒப்பந்தமும் விசாவும் அப்பாவின் "ம்"மும் போக மிஞ்சும் என் அரை நிமிடத்தில். நான் சுவரட்டையின் முன்னால் போய் நின்று மேலிருந்து கீழாக வாசித்தேன். சுகத்துக்கு ஒரு கோடு இருந்தது, கடிதத்துக்கு இருந்தது, ஆபத்துக்கு இருந்தது. மகள் பாஸ் பண்ணிவிட்டாள் என்பதற்கு இல்லை. இருந்தாலும் என்ன பயன்? மணி எப்போதும் அங்கிருந்து இங்கேதான் அடித்தது. இங்கிருந்து அங்கே போக எதுவுமே இல்லை. அந்த அட்டையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைக் கேட்டு எழுதினார் இதை? அவள் என் அம்மாவா, அவருடைய கந்தோர்க் கோப்பா?

வெள்ளிக்கிழமை வந்தது. பெரியப்பா தேத்தண்ணீரோடு தன் கதிரையில் உட்கார்ந்தார். அப்பா சன்னலோரம் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் நான் ரிசீவரைத் தூக்கிவிட்டேன்.

"அம்மா, நான்தான்."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா எழுந்த வேகத்தில் தேத்தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று சத்தம் போடாமல், வை, வை என்று கையால் காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் ரிசீவரைப் பிடிக்க வந்தார். அப்போது நடந்ததை இன்றும் நம்ப முடியவில்லை. அண்ணன் பேச்சுக்கு வாழ்நாளில் மறுபேச்சுப் பேசாத அப்பா, எழுந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவே நின்றார்.

"பேசட்டும் அண்ணே."

அம்மாவின் குரல் அதற்குப் பிறகுதான் வந்தது. "சொல்லு சாமி" என்றாள்.

நான் சொன்னேன். பாஸ் என்றேன். நூற்று அறுபத்தொன்பது புள்ளி என்றேன். மேடையையும் கைதட்டலையும் சொன்னேன். "என்ன? கேக்கல, திருப்பிச் சொல்லு" என்றாள். திருப்பிச் சொன்னேன். "எத்தனை புள்ளி?" என்று மறுபடி கேட்டாள். லைன் சரியில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். முன்பல் விழுந்து முளைத்ததை, பள்ளிக்கூடச் சப்பாத்து இறுக்குவதை, அப்பா வைக்கும் பருப்பில் உப்பில்லாததை, பெரியப்பாவின் பெட்டியை, எல்லாவற்றையும் சொன்னேன். மேசை மணிக்கூடு பதினொரு நிமிடம் ஓடியது. பிறகு அம்மா, "வைக்கிறேன் கண்ணு" என்று வைத்தாள். நான் திரும்பிப் பெரியப்பாவை நேராகப் பார்த்தேன். வென்றுவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது.

அவர் திட்டவில்லை. ஈர வேட்டியோடு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த இரண்டு வெள்ளியும் வழக்கம் போல ஒரு மணி அடித்தது. பெரியப்பா ரிசீவருக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வெள்ளி அடிக்கவில்லை. மாதக் கடைசி அழைப்பும் வரவில்லை. மேலும் இரண்டு வெள்ளிகள் பொறுத்துவிட்டு நான் அவரிடமே போனேன்.

"நீங்கதானே லைனைக் கட் பண்ணிட்டீங்க?"

பெரியப்பா சுவரட்டையைப் பார்த்தார். "ஆமா. நான்தான்" என்றார்.

சுவரட்டையைக் கிழித்து நாலாக்கி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. கணக்குச் சொல்லித் தர வந்தால் கொப்பியை மூடினேன். அவர் வாங்கி வந்த, மீன் வைத்த மாலு பணிஸைத் தொடவில்லை. ஏழு மாதம், அம்மா ஒப்பந்தம் முடிந்து பெட்டி படுக்கையோடு படியேறி வரும் வரைக்கும், ஒரு வார்த்தை பேசவில்லை. நடு நடுவே அவர் கந்தோர் முகவரிக்கு அம்மாவின் கடிதங்கள் வந்தன. அவர் அப்பாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டுவார். அது இன்னொரு அநியாயம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இப்போது நான் கம்பளையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு நல்ல தொலைபேசி ஒன்று வாங்கி, எவ்வளவு பேசினாலும் தீராத பெக்கேஜும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு ரிங் அடித்து வைத்துவிடுவாள். போன மாதம் கண்டி வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசத்தானே வாங்கிக் குடுத்தேன். இன்னும் எதுக்கு ரிங் கட்? பெரியப்பா போட்ட சட்டம் இன்னும் போகலையா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவரு எங்க போட்டாரு? நான்ல போட்டேன்" என்றாள்.

ஒரு ரிங், இரண்டு ரிங், யாரும் தொடக் கூடாது என்பதெல்லாம் அம்மா குவைத்திலிருந்து எழுதி அனுப்பியது. பெரியப்பா கோடு போட்டுப் படியெடுத்தார், அவ்வளவுதான். அந்த வீட்டுத் தொலைபேசியில் வெளிநாட்டுக்குப் பேசினால் பில்லில் இலக்கத்தோடு வந்துவிடும். முந்தி அங்கே வேலை செய்த பெண்ணை அதற்காகவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். என்னுடைய பதினொரு நிமிடமும் மாத முடிவில் பில்லில் வந்தது. மடம் தொலைபேசியைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். கார்ட் வாங்கவும் வெளியே விடவில்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா பெரியப்பாவுக்கு எழுதியிருக்கிறாள். கடிதம் மட்டும் ஒரு டிரைவர் மூலம் போயிற்று.

பெரியப்பா முன்னறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ டேட்டா பெக்கேஜ் துண்டை வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பெட்டிக்குள் இப்போது சார்ஜர்கள் கிடக்கின்றன. நான் போய் முன்னால் நின்றேன்.

"நான்தான்னு ஏன் சொன்னீங்க?"

"பெட்டி என்னுதுதானே. திட்டும் எனக்கே வரட்டும்னு விட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு. "இன்னொரு தடவை அப்படி ஆனாலும் எடுப்பேன் பெரியப்பா" என்றேன்.

"தெரியும்" என்று அவர் பக்கத்தைத் திருப்பினார்.

எடுப்பேன்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சட்டத்தை மீறியவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டேனே, அதைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. என் குரலைக் கேட்டதும் அம்மா வைத்திருக்கலாம். ஒரு விநாடியோடு போயிருக்கும். அவள் போட்ட சட்டம், அவளுக்குத் தெரியாததா?

எத்தனை புள்ளி என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். நானும் லைன் சரியில்லை என்று கத்தினேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது.