வயிறு காயட்டும்

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையில் இட்லியைத் துப்பினாள். அது தினமும் நடப்பதுதான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் என் தோள்மேல் வாந்தி எடுத்தாள். நைட்டியை மாற்றிக்கொண்டு வருவதற்குள் இன்னொரு முறை. பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது, தண்ணீர் தண்ணீராக, நிற்கிற வழியைக் காணோம். துடியலூரில் எங்கள் வீட்டில் அன்றைக்கு வாஷிங் மெஷினுக்கும் எனக்கும் ஓய்வே இல்லை.

அவள் இன்னும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. உடம்பு நன்றாக இருக்கும்போது சாதம், ராகிக்களி, பக்கத்து வீட்டு முறுக்கு என்று எதையும் விடமாட்டாள். முடியாமல் போனால் மட்டும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு "பாச்சி" என்று என் கழுத்துப் பக்கம் துணியை இழுப்பாள். அன்றும் இழுத்தாள். குடித்தாள், கக்கினாள், திரும்பவும் இழுத்தாள்.

அடுத்த தெருவில் இருந்த குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஊரெல்லாம் இதுதான் சுற்றுகிறது என்றார். ஓ.ஆர்.எஸ். தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும், பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, கேட்கிறபோதெல்லாம் கொடுக்க வேண்டும். சிறுநீர் போகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், பொழுது சாய்வதற்குள் போகாவிட்டால் அட்மிஷன் போட்டு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். நான் சரிங்க டாக்டர் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை. என் மாமியார். பேத்தியைப் பார்க்கச் சத்தியமங்கலத்திலிருந்து முந்தின வாரம்தான் வந்திருந்தார். அவரைப் பற்றிக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். காலையிலிருந்து அத்தனை பீத்துணியையும் முகம் சுளிக்காமல் அலசிப் போட்டவர் அவர்தான். ஆனால் டாக்டர் சொன்னதைச் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தார்.

"இது பால் மாந்தம் அம்மணி. உம்பட பாலுதான் அதுக்குச் சேரல. ரெண்டு நாளைக்கு நிறுத்திப்போடு. வயிறு காயட்டும்."

நான் சரிங்கத்தே என்றேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குத்தான் விளக்க வேண்டும். கொங்கு நாட்டில் பெரியவர்கள் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு சரிங்க. செய்கிறேன் என்றாலும் சரிங்கதான், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றாலும் சரிங்கதான். எது எந்தச் சரிங்க என்று கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு என் அம்மா கற்றுக்கொடுத்த முதல் மரியாதை அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு அதை வைத்துத்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டில் ஆபீசில் இருந்த கணவருக்குப் போன் செய்தேன். டாக்டர் சொல்றதையும் கேளு, அம்மா சொல்றதையும் கேளு என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்றேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போ என்றார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு மீனை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு முன்னமே தெரியும். அன்றைக்குத்தான் அதற்காகக் கோபம் வந்தது.

அதனால் படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பால் கொடுத்தேன். துணி மடிக்கிற மாதிரி, தூங்க வைக்கிற மாதிரி, ஏதாவது ஒரு சாக்கு. குழந்தை உறிஞ்சுகிற சத்தம் வெளியே கேட்குமோ என்று ஃபேனை வேகமாக வைத்தேன். என் பிள்ளைக்கு என் பாலை நானே திருடிக் கொடுத்தேன். பயத்தில் பாலும் சரியாக இறங்கவில்லை. வெளியே அத்தையின் காலடிச் சத்தம் கேட்டதும் பாதியில் பிடுங்கிவிடுவேன். அவள் வீறிடுவாள். அத்தை கதவைத் தட்டி, பாலுக்குத்தான் அழுகுது, மனசைக் கல்லாக்கிக்கோ கண்ணு என்பார். சரிங்கத்தே.

டயப்பர் போட்டால் எது பேதி எது சிறுநீர் என்று தெரியவில்லை. கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பருத்தித் துணியை விரித்து விட்டேன். துணியைத் தொட்டுப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, ஸ்பூனை எடுப்பது, அவள் தட்டிவிடுவது, தரையைத் துடைப்பது, திரும்பவும் துணியைத் தொட்டுப் பார்ப்பது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாய்க்குள் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். கடித்தாள். சந்தோஷமாக இருந்தது. அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே தூக்காமல் ஒரு நிமிடம் அழவிட்டேன். கண்ணோரம் லேசாகத்தான் நனைந்தது. அது கண்ணீரா, நான் முகம் துடைத்த ஈரமா என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, பாப்பாவின் துணிகளை ஒரு கட்டைப்பையில் வைத்துத் தயாராக நின்றார். எங்கே என்றேன். தொக்கம் எடுக்க என்றார். தொக்கம் என்றால் வயிற்றில் சாப்பாடு அடைத்துக்கொண்டிருப்பது. அதை எடுக்கிறவர்கள் வயிற்றை நீவி, குழாய் வைத்து உறிஞ்சி, இதோ அடைத்திருந்தது என்று ஒரு சோற்றுப் பருக்கையைக் கையில் காட்டுவார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று அத்தை காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றோடுதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நான் சரிங்கத்தே என்றிருந்தேன். காதில் விழுந்தது என்கிற சரிங்க. அவர் அதைச் செய்கிறேன் என்கிற சரிங்கவாக எடுத்துக்கொண்டு ஆளுக்கும் சொல்லி, ஆட்டோவுக்கும் சொல்லிவிட்டார். அவர்மேல் என்ன தப்பு இருக்கிறது?

பாப்பாவை வாங்க அத்தை கையை நீட்டினார். அவள் என் தோளில் துவண்டு கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. பாச்சி என்று சொல்லக்கூட இல்லை, வாயை மட்டும் என் கழுத்தில் வைத்துத் தேடினாள்.

"மாட்டனுங்கத்தே" என்றேன்.

அதிலும் ஒரு ங்க. அது இல்லாமல் எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். அப்படியே கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து, அத்தைக்கு முன்னால், கதவு திறந்திருக்க, அவளுக்குப் பால் கொடுத்தேன். ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தை வெளியே போய், வரலீங்க, எங்க மருமவ மாட்டேங்குதுங்க என்று அவரை அனுப்பிவிட்டு வந்தார். பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தார், சமையலறைக்குப் போனார், பாத்திரங்கள் பேசின.

அதற்கப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. அதுவரை எது நடந்தாலும் பெரியவர்கள் சொன்னது என்று ஒரு மறைவு இருந்தது. இனி இவளுக்கு ஏதாவது ஆனால் என் தலையில்தான் விடியும். ஒரு பக்கம் குடிக்க வைத்தேன், மறுபக்கம் மாற்றினேன், இடையில் ஸ்பூனில் ஓ.ஆர்.எஸ். தண்ணீர். கக்கினாள். துடைத்தேன், காத்திருந்தேன், மறுபடி கொடுத்தேன். இந்த முறை உள்ளே தங்கியது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. துணி காய்ந்தே கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டியவற்றை மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.

அவள் வாயை எடுத்துவிட்டுத் தூங்கினாள். என் மேலெல்லாம் வாந்தி நாற்றம். அத்தை வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, போய்த் தண்ணி ஊத்திக்கிட்டு வா என்றார். நான் இரண்டு சொம்புதான் ஊற்றியிருப்பேன்.

"அம்மணி, வாரயா. ஒண்ணுக்குப் போயிருச்சு."

அவசரமாகத் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்து முழங்கால் வரை புடவை நனைந்து, தரையிலும் கொஞ்சம் ஓடியிருந்தது. நான் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டேன். மஞ்சளாக, சூடாக இருந்தது. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாப்பா விழித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

புடவையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். இருக்கட்டும் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"உம்பட புருசனுக்கும் இதே வயசுல வயித்தால போச்சு. எங்க மாமியா பால் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. பால் கட்டி நெஞ்சு கல்லாட்ட ஆயிப்போச்சு. அவன் அந்த ரூமுல அழுகறான், நான் இந்த ரூமுல செவுத்துல பீச்சி உட்டுட்டு நிக்கறேன். மாட்டேன்னு ஒரு வார்த்தை எனக்கு வாயில வரல கண்ணு."

சொல்லிவிட்டுப் பிள்ளையை என்னிடம் நீட்டினார். பசிக்குதாட்ட இருக்குது, குடு என்று சொல்லிப் புடவை மாற்றப் போனார்.