லிஃப்டுக்கு அடியில் கேட்ட குரல்

டெல்சிக்குப் பேய் நம்பிக்கையே கிடையாது. அவள் வாயால் சொல்லிக் கேட்டதுதான் இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மார்த்தாண்டத்தில் அந்தப் பதினொரு மாடி ஆபீஸ் கட்டடம் இன்னும் நிற்கிறது. அவள்தான் இப்போது அங்கே வேலைக்குப் போவதில்லை.

போன ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை. தம்பி ரிஜோவுக்கு அன்று சாயங்காலம் துபாய் விமானம். பாஸ்போர்ட்டோ ஒன்பதாம் மாடியில், அவள் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸில் கிடந்தது. தம்பியை வாசலில் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மேலே போய் எடுத்தாள். லிஃப்டில் இறங்கினாள்.

மதியம் 2:40. மூன்றாம் மாடி தாண்டியதும் கரண்ட் போனது. லிஃப்ட் நின்றது.

ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. போனில் சிக்னல் இல்லை. கதவைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? மணிப் பொத்தானை அழுத்தினாள்.

கர்ர்ர்...

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"வாட்ச்மேன் அண்ணனா? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். தொறந்து விடுங்க."

"மேல ஆரு?" ஆண் குரல். "மக்கா, நான் கீழ கெடக்கேன். காலு ஒடிஞ்சு போச்சு."

"கீழன்னா எங்க?"

"குழியில. வெள்ளம் ஏறுது..."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். குரல் நிற்கவில்லை.

2:58. சளக்... சளக்... காலுக்கு அடியில், வெகு ஆழத்தில், தண்ணீரில் கை அடிக்கும் சத்தம்.

"ஆரையாவது விளி மக்கா."

விளித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே ரிஜோ ஹாரன் அடிப்பது அவளுக்குக் கேட்டது. அவள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை.

"இடுப்பு வரைக்கும் வந்தாச்சு..."

3:10. "நெஞ்சு..."

தரையில் உட்கார்ந்து அழுதாள். "அண்ணே, என்னால ஒண்ணும் செய்ய முடியல்லியே."

சளக்...

பிறகு அதுவும் இல்லை.

3:24. கரண்ட் வந்தது.

பாஸ்போர்ட்டைத் தம்பி கையில் திணித்து அனுப்பிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் கிளீட்டஸை வரவழைத்தாள். அவர் குழியைத் திறந்து டார்ச் அடித்தார். காய்ந்து கிடந்தது. வெறும் தூசி.

"அந்த ஸ்பீக்கருக்கு இதுவரை வயரே இழுக்கல்ல," என்றார்.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். கட்டடம் எழும்பிய வருஷம் அடைமழை. தங்கையன் என்ற கம்பி வேலைக்காரர் ஒரு ஞாயிறன்று அந்தக் குழியில் விழுந்துவிட்டார். புதன்கிழமை மழைத்தண்ணீரை இறைத்தபோதுதான் ஆளைக் கண்டார்கள்.

உயிர் போனது செவ்வாய் சாயங்காலம் என்று டாக்டர் எழுதியிருந்தாராம்.

திங்களும் செவ்வாயும், அவர் தலைக்கு மேலே நாற்பது பேர் வேலை பார்த்திருக்கிறார்கள்.