சுவருக்கு அந்தப் பக்கத்துக் கூடம்

திருச்சியில் சுவர் சுடும். வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் பழகவில்லை. வெயில் இறங்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாப்பிட்டு முடித்து அப்பாடா என்று சாய்ந்தால் முதுகு சுடுகிறது. பகலெல்லாம் வாங்கி வைத்ததைச் சுவர் அப்போதுதான் திருப்பிக் கொடுக்கிறது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான நம் லயத்துச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கே சுவர் கூரைவரைக்கும் போகிறது. லயத்தில் ஒரு குடும்பத்துக் காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் பாதியில் நின்றுவிடும். அடுத்த வீட்டு இருமலும் சண்டையும் மேலே ஏறி நம் பக்கம் இறங்கும். இங்கே பாலக்கரையில் பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது. தோட்டத்தில் நின்றுவிட்டவர்களுக்கும், என்னோடு கப்பலில் வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் ஒரு மதியம் நடந்ததைச் சொல்கிறேன்.

கப்பல் இறங்கியதும் மண்டபம் முகாமில் எனக்கு மில் வேலை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டோடு வந்து பார்த்தால் மில் பூட்டிக் கிடந்தது. சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டருக்கு உதவியாக நுழைந்தேன். பெட்டி தூக்கினேன், பிலிம் சுற்றினேன், பிறகு நானே ஓட்டினேன். வீடியோ வந்தபின் பாலக்கரையில் அந்தோணி முதலாளி கடைக்கு மாறினேன். அவர் பம்பாயிலிருந்து பெரிய மிஷின் ஒன்று வாங்கியிருந்தார். மூன்று கண் உள்ளது. சிவப்பு, பச்சை, நீலம். மூன்று வெளிச்சமும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் சுவரில் படம் வரும். அரை அங்குலம் விலகினாலும் ஒரு ஆள் மூன்று ஆளாகப் பிரிந்துவிடுவார். வைத்த இடத்தைவிட்டு நகர்த்தினால் திரும்பச் சேர்க்க ஒரு மணி நேரம். கல்யாண மண்டபத்தில் சினிமா போட்டோம். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் கிரிக்கெட் போட்டோம். அந்த மிஷினைச் சேர்க்கக் கடையில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. அதை வைத்துத்தான் எனக்குச் சோறு.

வேதா டீச்சர் அந்த மிஷினைத் தேடித்தான் கடைக்கு வந்தார். காலேஜில் கட்டடப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறவர். முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டிருப்பார். சினிமா வேண்டாம், ஒரு அறையை இன்னொரு அறையின் சுவரில் விழ வைக்க முடியுமா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான், முடியும், ஆனால் எதற்கு என்று கேட்டேன். அறை எத்தனை அடி என்பது வேறு, உள்ளே நிற்கிறவருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது வேறு, அந்த இரண்டாவதைக் காட்ட வேண்டும் என்றார். எனக்குப் புரியவில்லை. புரிய வைக்க என் வீட்டைக் கேட்டார்.

"நீங்க சின்ன வயசுல இருந்த வீட்டை இங்க தரையில போட்டுக் காட்டுங்க."

சாக்கட்டியால் போட்டேன். பத்தடி, பன்னிரண்டடி. அடுப்பு ஒரு மூலையில்.

"சரி, இது சமையல்கட்டு. வீடு?"

"இதுதாங்க வீடு."

"மீதி?"

"மீதி இல்லைங்க."

"எத்தனை பேர்?"

"ஏழு."

அவர் கோட்டுக்குள் வந்து நின்றார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். உங்களுக்கு இது சின்னதாகத் தெரிந்ததா என்று கேட்டார். அங்கே இருந்தபோது தெரியவில்லை, இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது என்றேன். இதுதான் நான் சொல்வது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அதன்பிறகு அவரோடு வேலை செய்வது எனக்குச் சுலபமாக இருந்தது. காலேஜில் வெறும் சுவரில் ஒரு மாடிப்படியை விழவைத்தோம். ஒரு மாணவன் அதில் ஏறக் காலைத் தூக்கிவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை, அவன் நின்ற இடத்தில் குறி போட்டுக்கொண்டார். கண் ஏமாறுவது ஒரே ஒரு இடத்தில்தான் நடக்கும். நாலடி தள்ளி நின்றால் படம் கோணலாகி, சுவர் சுவராகிவிடும்.

அடுத்த வேலை அவர் வீட்டில் என்றார். ஸ்ரீரங்கத்து வீடு. தெருவிலிருந்து பின்தெருவரை போகும் நீளம். அப்பா இறந்தபின் சித்தப்பா சம்பத் பங்கு கேட்டார். கூடத்துக்கு நடுவில், நீளவாக்கில், தரையிலிருந்து கூரைவரை ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினார்கள். அந்த ஒன்பது அங்குலம் யார் பங்கில் சேரும் என்று கோர்ட்டில் வழக்கு. கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் டீச்சரும் அவர் அம்மாவும். அந்தப் பக்கம் சித்தப்பாவும் அவர் மனைவி கோமளமும். அவர்கள் தெருப்பக்கம் புதிதாக வாசல் வெட்டிக்கொண்டார்கள். டீச்சரின் அம்மாவும் கோமளமும் இருபத்தைந்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். சுவர் வந்தபின் பேச்சு இல்லை. சுவர் எழுப்புவதற்கு முந்தின வாரமே டீச்சர், தன் அம்மா உட்காரும் இடத்தில் கேமராவை வைத்து முழுக் கூடத்தையும் ஒரு மணி நேரம் படம் எடுத்து வைத்திருந்தார். அதை இப்போது அதே சுவரில், அதே அளவில் விழவைக்க வேண்டும். அம்மா பழைய இடத்தில் உட்கார்ந்தால் சுவர் இருக்கக் கூடாது.

எனக்குப் பயமாக இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சிலோன் என்று சொன்னாலே, இயக்கத்து ஆளோ என்று இந்த ஊர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிறது. நாம் மலைநாட்டு ஆட்கள், இந்தியக் காகிதத்தோடு முன்னாலேயே வந்தவர்கள் என்பது யாருக்குத் தெரியும். என்னோடு கப்பலில் வந்த ஒருத்தர் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தார். கையில் வயரும் பேட்டரியும் இருந்ததற்காக நாலு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். தவறு ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அவர் திரும்பிப் போனபோது கடையில் வேறு ஆள் இருந்தார். அந்தோணி முதலாளி மிஷினை வண்டியில் ஏற்றும்போது சொன்னார்: "மிஷினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாத்துக்கலாம்ப்பா. போலீசு கீலீசுன்னு கடை வாசல்ல வந்து நின்னா மட்டும் ஒன்ன நான் வச்சிக்க முடியாது. சொல்லிட்டேன்." அவர் கெட்டவர் இல்லை. சொன்னது நியாயம்தான்.

காலையில் மிஷினை இறக்கினோம். பக்கத்து வாசலில் சம்பத் ஐயா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் நாமம், தோளில் துண்டு.

"என்னப்பா இது, மாவு மிஷினா?"

"படம் காட்டுறதுங்க."

"எந்த ஊர் நீ? பேச்சு ஒரு தினுசா இருக்கே."

"சிலோனுங்க."

வாய் தவறிச் சொல்லவில்லை. கேட்டால் அதைத்தான் சொல்வேன். அவர் வயர்க்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

மதியம் இரண்டு மணிக்குத் தயார். முற்றத்தின் மேலே கறுப்புத் துணி கட்டி வெளிச்சத்தை அடைத்திருந்தோம். உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது. அம்மா ஒன்பது கஜப் புடவையில், குறி போட்ட இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கேசட்டைப் போட்டேன். மூன்று கண்ணும் ஒன்றாக விழுந்தன. புதுச் சுண்ணாம்புச் சுவர் போய்விட்டது. தூண்கள் அந்தப் பக்கம் வரிசையாக நின்றன. தரைக் கல்லின் கோடு இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டு நேராக அந்தப் பக்கம் ஓடியது. தூரத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. சங்கிலி கிரீச் கிரீச் என்றது. அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் முதல் முறை வேலையை மறந்து படத்தைப் பார்த்தேன்.

தெருக்கதவை யாரோ அறைந்தார்கள். டீச்சர் திறந்தார். வெயில் உள்ளே பாய்ந்தது, கூடம் வெளுத்துப் போனது. வாசல்படியில் சம்பத் ஐயா.

"எங்காத்து ஊஞ்சல் சும்மா தொங்கிண்டிருக்கு. கிரீச்சுங்கற சத்தம் இங்கேர்ந்து வரது! என்னடி பண்றே வேதா? சுவத்துல ஓட்டை போட்டு எங்காத்தைப் படம் பிடிக்கறயா? கோர்ட்டுக்கா?"

"இல்லை சித்தப்பா. பழைய படம். உள்ளே வந்து பாருங்கோ."

"நான் வரமாட்டேன். இந்தப் பாதியில கால் வைக்கறதில்லேன்னு பெருமாள் முன்னாடி சொல்லியாச்சு." என் பக்கம் கையை நீட்டினார். "சிலோன்காரனும் வயரும் மிஷினுமா ஆத்துக்குள்ளே என்ன வேலை? ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பியாச்சு. வந்து கேக்கட்டும்."

என் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் பாலக்கரையில் தகரப் பெட்டிக்குள். மிஷினை நிறுத்திச் சுருட்டிக்கொண்டு ஓடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடினால் அதுவே குற்றமாகிவிடும். அவர் நின்ற இடத்திலிருந்து சுவர் எப்படித் தெரியும் என்று நினைத்தேன். அங்கிருந்து எல்லாம் கோணல். தூண் சாய்ந்திருக்கிறது, தரை மடங்கியிருக்கிறது. ஓட்டை வழியாகத் திருட்டுத்தனமாக எடுத்த மாதிரிதான் தெரியும். அவரைக் குற்றம் சொல்லி என்ன.

"சாமி, அந்த வாசக்கதவ மட்டும் சாத்திட்டு அங்கனயே நில்லுங்க. நான் மிஷினத் திருப்புறேன்."

ஏன் என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த ரேழிக்குள் ஒரு அடி வந்து கதவைச் சாத்தினார். ரேழி பொது என்று வழக்கில் எழுதியிருந்ததாம், டீச்சர் பிறகு சொன்னார். காலையிலிருந்து சேர்த்த மிஷினை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். ஆபரேட்டர் செய்யக் கூடாத காரியம் அது. அவர் பார்வைக்குத் தூண்கள் நிமிர்ந்தன, ஆனால் நிறம் பிரிந்துவிட்டது. சிவப்பு ஊஞ்சல் ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. அந்த நேரம் பார்த்துப் படத்தில் கோமளம் அம்மா வந்தார். கையில் விளக்கு, துடைத்துக்கொண்டே நடந்தார். சுவர் இல்லாத காலத்து நடை. மூன்று கோமளம், முன்னும் பின்னுமாக, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து, திரும்பிப் போனார்கள்.

சம்பத் ஐயாவுக்குப் பின்னால் கதவு மறுபடி திறந்து மூடியது. நாலாவது கோமளம் உள்ளே வந்தார். கணவரைத் தாண்டி, ரேழியைத் தாண்டி, நேராகக் கூடத்துக்கு. அவர் எங்கும் சத்தியம் செய்யவில்லை போல. அம்மா பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தார்.

"மன்னி, விளக்கைத் துடைச்சது போறலை பாருங்கோ. அடியில எண்ணெய் அப்படியே இருக்கு."

"நீ என்னிக்குடி அடியைத் துடைச்சே?" என்றார் அம்மா. "உக்காரு. மறைக்காதே."

உட்கார்ந்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிறத்தைச் சேர்க்கும் திருகைப் பிடித்திருந்தேன், திருகவில்லை. வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டிருந்தது.

போலீஸ்காரர் வயசானவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ரேழியில் நின்றார். இருட்டு, புழுக்கம், சுவரில் மூன்று ஊஞ்சல், தரையில் இரண்டு பெண்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"யாரு சாமி கூப்பிட்டது? என்ன பிரச்சினை?" என்னைப் பார்த்தார். "நீ யாருய்யா? எந்த ஊரு?"

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே பதில்தான். முதல் எழுத்து வருவதற்குள் சம்பத் ஐயா குறுக்கே பேசினார்.

"பாலக்கரை. கல்யாண வீடியோக்காரர். எங்காத்துப் பொம்மனாட்டிகள் படம் பாக்கறா. ஒண்ணுமில்லே, நீங்க போகலாம்."

எதற்காக அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. மனைவி உள்ளே உட்கார்ந்திருக்கும் வீட்டின்மேல் எப்படிப் புகார் சொல்வது என்று நினைத்திருக்கலாம். போலீஸ்காரர் வந்ததற்கு அடையாளமாக நோட்டை எடுத்தார். என் பெயரைக் கேட்டு எழுதினார். அதற்கு நேரே பாலக்கரை என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். இந்த நாட்டில் தாயகம் திரும்பியோர் என்று போடாமல் என் பெயரை எழுதிய முதல் காகிதம் அது. சரியா என்று கேட்டார். தலையாட்டினேன். அக்கா ஞாபகம் வந்தது. ஒரே காம்பிராவில் பிறந்தோம். அவளுக்கு அந்த நாட்டுக் காகிதம், எனக்கு இந்த நாட்டுக் காகிதம். தலையாட்டியதை அவள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை.

கேசட் முடிந்தது. சுவர் வெறும் நீலமாக நின்றது. சம்பத் ஐயா ரேழியிலிருந்து, "நாழியாச்சு, வரயா இல்லையா" என்றார். கோமளம் அம்மா எழுந்தார். போயிட்டு வரேன் மன்னி என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் போகவில்லை. ஊஞ்சல் தெரிந்த பக்கம் நேராக நடந்தார். நாலே எட்டு. சுவரில் உள்ளங்கை பட்டதும் நின்றார். முதுகெல்லாம் நீல வெளிச்சம். யாரும் சிரிக்கவில்லை. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பி, ரேழி வழியாகத் தெருவில் இறங்கி, அடுத்த வாசலில் ஏறிப் போனார். வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது இரண்டு பெண்களும் முற்றத்துப் பக்கம் நின்று சத்தமாகப் பேசிக்கொள்கிறார்களாம்.

நான் கடைக்குத் திரும்பினேன். முதலாளி, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். மறுநாள் ஒரு மண்டபத்தில் வேலை இருந்தது.

பாலக்கரை வீட்டில் காலையில் எழுந்தால் என் கால் தானாக இடது பக்கம் திரும்பும். காம்பிராவில் கதவு அந்தப் பக்கம். இங்கே அந்தப் பக்கம் சுவர். அரைத் தூக்கத்தில் கை போய் அதில் முட்டி நிற்கும், பிறகுதான் வலது பக்கம் போவேன். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பொங்கலுக்கு வீட்டுச் சொந்தக்காரி திட்டிக்கொண்டே அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பாள். மாசி முடிவதற்குள் கறை திரும்ப வந்துவிடுகிறது.