ஆம்பரோ திறக்காத கதவு

சுருட்டு ஆலையில் நூற்றுக்கணக்கான கைகள் புகையிலை சுற்றிக்கொண்டிருக்க, மேடையில் உட்கார்ந்து அவர்களுக்குக் கதை வாசிப்பதுதான் ஒடிலியாவின் பிழைப்பு. எந்தப் புத்தகம் என்பதைத் தொழிலாளர்களே கை தூக்கி முடிவு செய்வார்கள். வாசிப்பு பிடித்திருந்தால் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். ஒடிலியா வாசித்து ஒரு கத்திகூடத் தரையில் விழுந்ததில்லை.

அந்தக் குரலை வைத்துத்தான் மகள் மைலினை வளர்த்தாள். குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே, ஹவானாவிலிருந்து வந்த பாட்டுக்காரி ஒருத்தியோடு பஸ் ஏறிப் போய்விட்டான் புருஷன் எவெலியோ. அன்று அழுத அழுகையோடு ஒடிலியாவின் கண்ணீர் வற்றிவிட்டது.

அந்த மாதம் வாசித்த நாவலின் நாயகி ஆம்பரோவும் புருஷன் கைவிட்டுப் போனவள்தான். அவளுடைய பேச்சை வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் ஒடிலியாவின் முதுகு நிமிரும். அந்தத் தெம்பில்தான், போன வாரம் எவெலியோ நரைத்த தலையோடு வந்து வாசலில் நின்றபோது அவள் கதவைத் திறக்கவில்லை. நின்று பார்த்துவிட்டு அவன் தன் அண்ணன் வீட்டுக்குப் போனான்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்த சமயத்தில், அந்த நாவலை வைத்து எடுத்த சினிமா ஊருக்கு வந்தது. சனிக்கிழமை ஆலையே கொட்டகையில் இருந்தது. திரையில், கொட்டும் மழையில் புருஷன் மண்டியிட, ஆம்பரோ கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். வயலின்கள் அழுதன. சுருட்டுக்காரர்களும் விம்மி விம்மி அழுதார்கள்.

திங்கட்கிழமை ஒடிலியா கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். புத்தகத்தில் மழை இல்லை. புருஷன் கதவைத் தட்டுகிறான். "நீ போனப்ப நான் தட்டாத கதவு இல்ல. இப்ப நீ தட்டு" என்று உள்ளே இருந்தபடியே சொல்லிவிட்டு, ஆம்பரோ தையலைத் தொடர்கிறாள். அவ்வளவுதான்.

முதல் கத்தி தரையில் விழுந்தது. பிறகு கூடம் முழுக்க இரும்புச் சத்தம்.

"என்னடி இது, இழவு வீடு மாதிரி!" என்று கத்தினாள் முன்வரிசை லிப்ராடா. "படத்துல எவ்வளவு அழகா சேந்தாங்க!"

"புத்தகத்துல இப்படித்தான் இருக்கு, லிப்ராடா."

"எழுதின மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

"எழுதினது ஒரு பொம்பள."

"அப்ப அவளுக்கும் புருஷன் சரியா அமையல போல!" என்றார் கிழவர் எலிகியோ. கூடமே சிரித்தது.

லிப்ராடா விடவில்லை. "உன் வாசல்லயும் ஒருத்தன் வந்து நின்னான்ல? இதையே படிச்சுப் படிச்சு நீயும் கல்லாப் போயிட்டடி. படம் எடுத்தவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

ஒடிலியா புத்தகத்தை மூடினாள். தொண்டை வறள வறள இவர்களுக்காகவா வாசித்தோம் என்று நெஞ்சு எரிந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தால், கதவு விரியத் திறந்து கிடந்தது. அவளுடைய நாற்காலியில் எவெலியோ உட்கார்ந்திருந்தான்.

"நான்தாம்மா திறந்துவிட்டேன்" என்று ஓடிவந்தாள் மைலின். "ரெண்டு தடவ அந்தப் படத்தப் பாத்தேன். நீயும் உள்ளுக்குள்ள அப்படித்தானேம்மா ஏங்கிக்கிட்டிருப்ப?"

எவெலியோ எழுந்தான். "எனக்காகவே எடுத்த மாதிரி இருந்துச்சு, ஒடிலியா. அதப் பாத்துட்டுத்தான் துணிஞ்சு மறுபடியும் வந்தேன்."

"புத்தகம் படிச்சியா?"

"ரெண்டும் ஒரே கதைதானே?"

வெளியே போ என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஒடிலியா மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்பா என்று யாரையும் கூப்பிட்டறியாத பெண், அவன் சட்டைக்கையைப் பிடித்தபடி மலர்ந்து நின்றாள்.

ஆம்பரோவுக்குப் பிள்ளை இல்லை. அவளால் தையலைத் தொடர முடிந்தது.

"உக்காரு" என்றாள் ஒடிலியா.

ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லிப்ராடாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். எவெலியோ நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

"ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று கேட்டான்.

ஒடிலியா அரிசி களையப் போனாள்.