ஏழு பூசணிகளோடு ஆட்டுப் பண்ணைக்கு

போன வருடம் நவம்பர் முதலாம் திகதி, ஹலோவீனுக்கு அயல்வீட்டு வாசலில் வைத்து மிஞ்சிய சின்னப் பூசணிகளை, வீசுவது பாவமென்று எடுத்துவந்து கறி வைத்தேன். அலங்காரத்துக்கு மட்டும் என்று அவை இருந்த பெட்டியில் எழுதியிருந்ததாம். எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்.

கறி கசந்தது. "பாவக்காய் தின்னுற எங்களுக்கு இதொரு கசப்போ?" என்றேன். சொன்ன நான் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டேன். மனைவி யோகம், நான் சமைத்தது என்பதற்காக முழுவதும் சாப்பிட்டாள். நான்கு நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு என் சமையலை அவள் தொடவில்லை.

இந்த வருடம் அதே நாளில், ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் தெருவில் மிஞ்சியவற்றைக் கேட்டு வாங்கினேன். டோர்ட்மண்டுக்கு வெளியே ஓர் ஆட்டுப் பண்ணையில் தீனிக்கு எடுக்கிறார்கள் என்று மகள் விசாரித்துச் சொல்லியிருந்தாள். யோகமும் கூட வந்தாள்.

காலை 9.20க்கு ரயில். முப்பது கிலோமீற்றர், அரைமணித்தியாலத்துக்குள் போய்விடலாம். விடுமுறை நாளென்பதால் அங்கிருந்து பண்ணைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் நின்றோம். மாதச் சீட்டு இருந்ததால் வேறு செலவில்லை. ஓட்டுநர் எங்கடை ஆள். எங்கள் இழுவண்டியில் கண்ணும் பல்லும் வெட்டிய பூசணிகளைப் பார்த்தார்.

"அண்ணை, உந்தப் பேயளுக்கும் டிக்கெட் எடுத்தனீங்களோ?"

"எல்லாம் பென்சன்காரர், தம்பி. நேற்றோட வேலை முடிஞ்சுது."

யோகம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பண்ணைக்காரி எது எந்த வீட்டுப் பூசணி, மெழுகுதிரி வைத்ததா என்று கேட்டா. ஏழுக்கும் வீடு வீடாகச் சொன்னேன். சாயம் பூசிய ஒன்று குப்பைக்கு. பூஞ்சணம் பிடித்த இரண்டு உரக்குழிக்கு. மற்ற மூன்றில் மெழுகையும் கரியையும் சுரண்டிவிட்டு ஆடுகளுக்குப் போட்டோம். வெட்டாத பெரியது ஒன்று மிஞ்சியது. அது சமையல் பூசணிதான் என்று சொல்லி, ஒரு துண்டு நறுக்கித் தந்து நுனிநாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னா. கசந்தால் துப்ப வேண்டுமாம். இனித்தது. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னா. நான் வேண்டாமென்று சொல்ல முதல், யோகம் அதைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டாள்.

போக நினைப்பவர்கள் பண்ணைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வெட்டிய பூசணியை அடுத்த நாளே கொடுத்துவிடுங்கள். அலங்காரப் பூசணியை மனிதருக்கும் கொடுக்காதீர்கள், ஆட்டுக்கும் கொடுக்காதீர்கள். அதன் விதையை நடவும் வேண்டாம். பூசணியில் கசப்பென்றால் நஞ்சு. பாகற்காய்க் கணக்கில் அதைப் பார்க்காதீர்கள்.

அன்று பின்னேரம் அந்தப் பூசணியில் தேங்காய்ப் பால்கறி வைத்தேன். "முதல் நீங்கள் சாப்பிடுங்கோ," என்றாள் யோகம். என் கோப்பைச் சோறு முடியும்வரை எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கோப்பையை நீட்டினாள்.